ரவுட்டர் பக்கத்தில் அப்பாவின் குரல்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அவர் தொண்டைத் தையல் நன்றாக ஆறிவிட்டது, இனிப் பேச்சு வராது என்பதற்கு நான்தான் இன்னும் பழகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எனக்குப் போதும்.

நீ சொன்ன அந்த டிஸ்க் போடும் சேமிப்புப் பெட்டியை வாங்கிவிட்டோம் கண்ணு. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை, சின்ன வயதில் அப்பா உனக்குச் சொல்லச் சொல்லப் பதிந்து வைத்த அறுபத்திரண்டு கதையும் அதில்தானே கிடந்தன, அவர் குரல் வேறெங்கே இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை எடுத்து வைத்து, "ரெண்டு டிஸ்க் போடுறதா எடுங்கம்மா, ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் எழுதிக்கும், ஒண்ணு போனாலும் மத்தது காப்பாத்தும்" என்றார். அப்பா தன் நோட்டில் "அகலக்கால் வேண்டாம், நாலு டிபி இடம் போதும்" என்று எழுதிக் காட்டினார். பெட்டி ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுதான், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்! கடைக்காரரே வந்து போனிலும் டிவியிலும் எல்லாம் கேட்கிற மாதிரி ரவுட்டரில் கேபிளால் இணைத்து, பாஸ்வேர்டு போட்டு, கதைகளை நகலெடுக்க விட்டுப் போனார், தளர்ந்த டிஸ்க், ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றார்.

உன் அப்பாவைத்தான் தெரியுமே, ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்தால்தான் அவர் காலில் செருப்பு ஏறும். அன்றும் நடக்கக் கிளம்பியவர் அத்தனையையும் அணைத்துவிட்டார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியிலும் வெளிச்சமில்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. மறுபடி போட்டேன், பழைய டிஸ்க் இரண்டு தட்டுத் தட்டி அடங்கிவிட்டது. திரும்பி வந்தவர் விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார், திட்ட வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். போன் போட்டதும் கடைக்காரரும் ஓடி வந்து பார்த்து, பழையது இனி எழாது என்று கையை விரித்துவிட்டுப் புதுப் பெட்டியைத் திறந்தார். என் போனை வாங்கி எதையோ அழுத்தினார், அடி மகளே, அப்பாவின் குரல்! அதுவரை நகலானதெல்லாம் பத்திரமாக இருந்தது, நாற்பது கதை முழுசாக, ஒன்று பாதியாக. போனில் கேட்டேன், ஹால் டிவியில் கேட்டேன், சமையலறைக்குப் போனால் அங்கேயும் கேட்கிறது, எதிரே அவர் வாய்மூடி நிற்கிறார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது, பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை.

அந்தப் பாதிக் கதையில் திருடன் கிணற்றுக்குள் இறங்குகிறான், நீ மழலையில் "அப்புறம்ப்பா?" என்கிறாய், அதோடு சத்தம் நின்றுவிட்டது. அப்பா நோட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டார், "கேட்டது அவள், அவளுக்குத்தான் பதில்" என்று எழுதிக் காட்டினார். அந்தப் பக்கங்களைக் கிழித்து இதே உறையில் வைத்திருக்கிறேன், நான் படிக்கவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் அப்பா எழுதியதைச் சத்தம்போட்டுப் படித்துப் பதிந்து அனுப்பு, நீ சொல்லிக் கேட்க அப்பா காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா