தண்ணி வந்த நேரத்துல போட்ட ஸ்டேட்டஸ்

மைமூன்,

நீ பேச மாட்டேங்கற. அதான் எழுதி வச்சுட்டு ராசிபுரம் போறேன்.

நேத்து காவேரித் தண்ணி வந்தப்ப நீ குடத்தத் தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுன. நான் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, பச்சப்புள்ளைக்குத் தண்ணி தேடி ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் ஓடுன ஹாஜரா அம்மாவோட மன உறுதியப் பத்தி ஸ்டேட்டஸ் போட்டேன். "ஏனுங்க, ஒரு குடம் புடிங்க"ன்னு நீ கேட்டதுக்கு, "இரு, முக்கியமா எழுதிட்டிருக்கேன்"னு வேற சொன்னேன். ஜமாத்துக்காரங்க ஆளாளுக்கு மாஷா அல்லாஹ் போட்டாங்க.

காலையில நீ தூங்கறப்ப, தெருமுனை அடிபைப்புல அடிச்சு ரெண்டு குடம் மேல கொண்டுபோனேன். மூணாவதுக்குப் படியிலயே உக்காந்துட்டேன். ஹஜ்ஜுக்குப் போற ஆம்பளைங்களும் அந்தம்மா ஓடுன தடத்துல ஏன் ஓடணும்னு அப்பத்தான் புரிஞ்சுது.

பத்து மணிக்கு பிளம்பர் அன்பழகன் வருவாரு. நீ ரெண்டு வருஷமா கேட்ட மாதிரி மேல சமையல்கட்டுக்கே பைப் இழுக்கச் சொல்லிட்டேன். எந்தப் பக்கமா வரணும்னு நீயே காட்டு. ஓடுனவளுக்குத்தான் வழி தெரியும்.

அவரு கேட்டா, மொட்டமாடிச் சாவி ஜன்னல்ல இருக்கு. குருமாவ சூடு பண்ணிக்க.

பி.கு: ஸ்டேட்டஸ அழிச்சுட்டேன்.

இன்னொண்ணு. மூணாவது குடம் இன்னும் படியிலதான் நிக்குது. நீ தூக்காத. சாயங்காலம் வந்து நானே மேல வெக்கறேன்.