சலோலியின் இடம்

ஜூலை 9
சோளக்கொல்லையில் களை எடுத்தோம். மழை வரும் போல இருந்தது, வரவில்லை. மகன் சலோலி வான்கோழி வேட்டைக்குப் போயிருக்கிறான். கறி கிடைத்தால் தங்கை வீட்டுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஜூலை 10
என் பிள்ளை செத்துப்போனான்.

ஜூலை 14
இன்றுதான் கை எழுதுகிறது. சலோலி நாணல் காட்டுக்குள் உட்கார்ந்து வான்கோழி போலக் குரல் கொடுத்திருக்கிறான். நிஜக் கோழி என்று நினைத்து கோகா சுட்டுவிட்டான். என் பாவிப் பயல், அவ்வளவு தத்ரூபமாகக் கூப்பிடுவான்.

கோகா அந்நியன் இல்லை, என் வீட்டுக்காரரின் தங்கை மகன். எங்கள் செரோக்கிச் சனத்தில் பிள்ளை தாயின் குலம். சலோலியும் நானும் ஓநாய்க் குலம். கோகாவும் என் வீட்டுக்காரரும் மான் குலம். மகனுக்காக அவர் அழலாம், பழி கேட்க முடியாது. மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கோகா ஓடவில்லை. அவன் அம்மா வீட்டு வாசலிலேயே இருக்கிறானாம், என் சொல்லுக்காக.

ஜூலை 17
தம்பி டோயா துப்பாக்கியோடு வந்தான். "உயிருக்கு உயிர், அக்கா. பெத்தவ நீதான் சொல்லணும். தலைய ஆட்டு, போதும்."

"அது கூடாதுன்னு நம்ம மன்றமே சட்டம் எழுதியாச்சேடா."

"காகிதத்துல எழுதினாங்க. சலோலிய அது எழுப்பிடுமா?"

செரோக்கி ஊர்களெல்லாம் என்னைப் 'பிரியத்துக்குரியவள்' என்கின்றன. கொல்வதற்குக் கம்பத்தில் கட்டிய போர்க்கைதிகளை ஒரு சொல்லால் அவிழ்த்துவிட்டவள். வெள்ளைக்காரனோடு சமாதானம் பேசினவள். அதெல்லாம் ஊரான் வீட்டுச் சாவு. கோகா சாகணும் — அதுதான் எனக்கு வேணும். ஆனால் நாளைக்கு வாடா என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 18
காலையில் வலேலா வந்தாள், தங்கை மகள். அறுவடை முடிந்ததும் அவளைக் கோகாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

"பெரியம்மா, அவன உன் மகனா எடுத்துக்கோ. கைதிங்களப் பிள்ளை இழந்த வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தியே."

செத்தவன் இடத்தில் ஒருவனை வைத்தால் பழி தீர்ந்தது. அது வழக்கம்தான். ஆனால் —

"கிறுக்கி, எடுத்துக்கிட்டா அவனும் நம்ம ஓநாய்க் குலம். உனக்கு அண்ணன். கட்டிக்க முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"உயிரோட இருக்கட்டும் பெரியம்மா. சலோலியும் எனக்கு அண்ணந்தானே. இன்னொருத்தனப் பொதைக்க என்னால ஆகாது."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

டோயா வந்ததும் சொன்னேன்: "கோகாவ இங்க கூட்டிட்டு வா. உயிரோட. இனி அவன் மேல கை வைக்கிறவன் என் பிள்ளை மேல கை வைக்கிறான்." தம்பி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜூலை 20
கோகா என்னை அம்மா என்று கூப்பிட்டான். கூப்பிடாதே என்றேன். ரொட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 5
மன்னிக்கவில்லை. சலோலியின் பாயில் படுத்துக் குறட்டை விடுகிறான். அதற்கும் எரிச்சல் வருகிறது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தேன். என்ன பிறவியோ நான்.

செப்டம்பர் 3
புதுச்சோளத் திருவிழா. எல்லா வீட்டிலும் பழைய அடுப்பை அணைத்துவிட்டுப் புது நெருப்பு கொண்டுவந்தோம்.

பரிமாற வலேலா வந்தாள். ஊரே அவளைத்தான் பார்த்தது. கோகா தலை நிமிரவில்லை. அவித்த சோளத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு அண்ணே," என்றாள்.