தலையாட்டினால் சம்மதமா?

ஜூன் 3, செவ்வாய்

இன்று கூண்டில் ஏறிய சாட்சி எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினார். நீதிபதி கடுப்பாகி, "வாயத் திறந்து சொல்லுங்கய்யா. நீங்க தலையாட்டுறத அந்தம்மா எப்படி எழுதுவாங்க?" என்றார். அந்தம்மா நான்தான். பத்தொன்பது வருடமாக நீதிமன்றச் சுருக்கெழுத்து.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், கட்டிலில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு எதிரே மாடி வீட்டு அண்ணனும் அவர் மனைவியான அக்காவும். அண்ணன் மடியில் நீல அட்டை போட்ட பிரார்த்தனைப் புத்தகம். பக்கவாதம் வந்து இவருக்கு வலது கையும் பேச்சும் போய் நான்கு மாதமாகிறது. பகலில் இவரைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை சின்னவள்தான் அவர்களை உள்ளே விட்டிருக்கிறாள். இரண்டு வாரமாகத் தினமும் வருகிறார்களாம்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவர் எங்க வழிக்கு வந்துட்டார் தங்கச்சி! கேட்டோம், தலையாட்டினார். ஞாயித்துக்கிழமை எங்க பிரார்த்தனை மன்றத்துல சேத்துடுவோம். புதுப் பேர்கூடப் பாத்தாச்சு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்? நானா?

ஜூன் 4, புதன்

புதுப் பேராம்! யாரைக் கேட்டு வெச்சாங்க? நானே வாய்விட்டுக் கூப்பிடாத பேரை இவங்க மாத்தப் போறாங்களாம்!

சரி. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறேன் — ஒருவேளை இவருக்கே விருப்பம் இருந்தால்? லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே ஏற்றுவது இறக்குவது பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். சாமியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இவர் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது. அவர்களை வாயடைக்க நான் 'வேண்டாம்' என்றால், அதுவும் இவர் சொன்னது ஆகாதே.

ஜூன் 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன். சின்னப் பெண், குறும்புக்காரி. இவர் பக்கம் திரும்பி, "சார், நாம இப்ப கப்பல்ல போயிட்டிருக்கோமா?" என்று கேட்டாள்.

இவர் பலமாகத் தலையாட்டினார்.

"நான் உங்க மாமியாரா?"

அதற்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இப்போதைக்கு இது 'ஆமா' இல்லம்மா. 'நீங்க பேசறது காதுல விழுது'ன்னு அர்த்தம். எந்தக் கேள்வியா இருந்தாலும் ரெண்டு பக்கமும் கேளுங்க. ரெண்டுக்கும் ஆட்டினா அது பதிலே இல்ல."

இது போதும் எனக்கு.

ஜூன் 7, சனி

விடுமுறை. அவர்கள் வரும் நேரத்துக்கு நானே கதவைத் திறந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"அண்ணா, உங்க கேள்விய என் முன்னாடி கேளுங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க வழிக்கு வர்றீங்கதானே?" என்றார். இவர் தலையாட்டினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி.

"இப்ப மாத்திக் கேளுங்க. வரமாட்டீங்கதானேன்னு."

அண்ணன் தயங்கினார். கேட்டார். இவர் அதே உற்சாகத்தோடு தலையாட்டினார்.

அண்ணனின் முகம் தொங்கிப்போனது. பாவமாகத்தான் இருந்தது. அக்கா விடவில்லை. "அது நோயோட வேலை. முதல்ல ஆட்டினதுதான் மனசு."

"எது மனசுன்னு நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்க்கா. நாளைக்கு இவர் எங்கயும் வரல. இனி நீங்களும் இங்க வர வேண்டாம்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

ஜூன் 8, ஞாயிறு

எங்கும் போகவில்லை. பெயர் அதே பெயர்தான்.

ஜூன் 11, புதன்

இவருக்கு என்மேல் கோபம். பயிற்சிக்குக் கையைத் தர மறுக்கிறார். மாலையானால் வாசல் கதவையே பார்த்தபடி இருக்கிறார். அப்படியென்றால் அந்தப் புத்தகத்தைத்தான் தேடுகிறாரா?

சின்னவளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சாதாரணமாகச் சொல்கிறாள்: "பிரார்த்தனையெல்லாம் பத்து நிமிஷம்தான்க்கா. அப்புறம் அந்த மாடி வீட்டு அக்கா மேல போயிடுவாங்க, அண்ணனும் மாமாவும் செஸ் ஆடுவாங்க. மாமாதான் ஜெயிப்பார்."

"செஸ்ஸா? இத ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையே."

நான்கு மாதத்தில் இவரை நோயாளியாக நடத்தாமல் எதிராளியாக நடத்தியது அந்த மனிதர் ஒருவர்தான். அவரைத்தான் நான் வராதே என்றிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, பேசப் போனேன்.

"ஆட வாங்கண்ணா. புத்தகம் மட்டும் மேலயே இருக்கட்டும்."

"அவர் ஆத்மா மேல எங்களுக்கு அக்கறை இருக்கு" என்றார் அக்கா.

"இருக்கட்டும்க்கா. பேச்சு வரட்டும், நீங்களே கேளுங்க. வாயால 'சரி'ன்னா நானே சக்கர நாற்காலில கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் யாரும் முந்தக் கூடாது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

"செக்." மொட்டையாக, கட்டைக் குரலில். ஆனால் இவர்தான் சொன்னார்! சின்னவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஜூலை 13, ஞாயிறு

இப்போது நாளுக்கு ஏழெட்டு வார்த்தை வருகிறது. ஆட்டத்தின் நடுவில் அண்ணன் என்னைப் பார்த்தார். "பேச்சு வருதேம்மா... கேக்கலாமா?"

சொன்ன சொல் சொன்னதுதான். "கேளுங்கண்ணா."

"எங்க வழிக்கு வர்றீங்களா?"

இவர் அவரையே பார்த்தார். தலையைப் பக்கவாட்டில் அசைத்தார் — நோய்க்குப் பிறகு முதல்முறையாக. "வே...ணாம்."

அண்ணன் தானாகவே மாற்றியும் கேட்டார். "அப்ப, இப்ப இருக்கற மாதிரியே இருக்கீங்களா?"

"ஆமா." பிறகு இடது கையால் பலகையைத் தட்டினார். "உங்...க ஆட்டம்."

அண்ணன் நாற்காலியைப் பலகைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். மன்றத்துக்கு நேரமாகிறது என்று அக்கா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"நீ முன்னாடி போ" என்றார் அண்ணன், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க என் ராணி போகப்போகுது."