முடிவிலி வரும் இடம்

அப்பாவுக்கு ஸலாம். உங்கள் சர்க்கரையும் அம்மிஜானின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? ஜெர்மனியில் நான் நலம். கோபத்தைத் தவிர வேறு குறையில்லை.

போன வாரம் இயற்பியல் வகுப்பில், பிரபஞ்சம் தொடங்கிய கணத்தை நோக்கிப் பின்னால் போய்க் கணக்குப் போட்டேன். அடர்த்தி முடிவிலி என்று வந்தது. படைப்பின் வாசலையே எட்டிவிட்டதாக எனக்குப் பெருமை. கூடப் படிக்கும் காத்ரின் சிரித்துவிட்டாள். "அது தொடக்கமில்லை, உன் கோட்பாடு செத்துப்போன இடம்" என்றாள். அவள் சொன்னது சரிதான். முடிவிலி பெரிய எண் அல்ல. நம் அறிவு நின்றுபோகும் இடத்துக்கு நாம் வைத்த பெயர்.

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் உங்கள் குரல் வந்தது. "உம்மேல எனக்கு இருக்கிற பாசத்துக்கு எல்லையே கெடையாது பேட்டா. அதான் உன்னைக் கேக்கணும்னே தோணல. தௌசீப் பையனுக்கும் உனக்கும் நிக்காஹ்னு அவங்க வீட்ல பேசி முடிச்சிட்டேன். ஜாஸ்தி யோசிச்சு பேஜார் பண்ணாத."

தோல் பதனிடும் உங்கள் டேனரியில் ஓர் ஆட்டுத்தோலைக்கூட அளந்து பார்க்காமல் நீங்கள் விலை பேசியதில்லை. மகளுக்கு மட்டும் அளவு தேவையில்லையா? எல்லையில்லாத அந்தப் பாசத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியாது. எனக்குச் சம்மதமில்லை. அவர்களிடம் நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

தங்கை ஹீனாவை ஒருநாள் பேசச் சொல்லுங்கள். இங்கே என் பெயரைச் சரியாகக் கூப்பிட ஆளில்லை. குளிர் அதிகம், உங்கள் டேனரித் தோலில் தைத்த கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். அளவை நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தாளின் பின்பக்கம் என் கையை வைத்து வரைந்திருக்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அம்பரீன்