ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடினவள்

மூச்சு வாங்க வாங்க ஊர்க்கதை பேசின என் கலா அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு உன்னைக் கேட்க முடியாது. அதனால நான் நல்லா இருக்கேன்னு முதல்லயே சொல்லிடுறேன். கால் மட்டும்தான் வலி. மாடிப்படியைப் பின்பக்கமாத்தான் இறங்குறேன், எம் பொண்ணு பார்த்துப் பார்த்துச் சிரிக்குது. நேத்து டவுன்ஷிப்புல நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போனேன் அக்கா.

நீ போன பிறகு ரொம்ப நாள் நான் ஓடவே இல்ல. உன்னைக் கொண்டுபோனது மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வடக்குத்து ஊர்ல நம்ம தெரு சொன்னது வேற. "ஓடி ஓடி ஒடம்புல சூடு ஏறிப்போச்சு, அதான்"னு உன் துக்க வூட்டு வாசல்லயே பேசினாங்க. எனக்கு அழுகைக்கு முன்னாடி கோவம்தான் வந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் சுகர்னு டாக்டர் நடக்கச் சொன்னதும், ஒரு நாள் நாய் துரத்தி ஓடினதும், அப்புறம் நாய் இல்லாமலே ஓடினதும் அவங்களுக்கு எங்க தெரியும்?

எங்க வூட்டுக்காரரும் அந்தப் பேச்சை நம்பிட்டார். 'பாய், பாய்'னு நீ வம்பிழுப்பியே, அவரேதான். ஊருக்கே செருப்பு விக்கிற மனுஷன், என்னோட ஒரே ஜோடி ஷூவைக் கொண்டுபோய் கடைப் பரண்ல ஒளிச்சு வெச்சார். "கலாவைப் பறிகொடுத்தது போதும்"னார். நானும் ஷூவைத் தேடல.

ஆனா சும்மா இருக்க முடியலக்கா. தூக்கம் போச்சு. உப்பு கொஞ்சம் கூடினாக்கூட எரிஞ்சு விழுந்தேன். கடைசியில பொண்ணுதான், "அத்தா, அம்மாகிட்ட ஷூவைக் குடுத்துடுங்க, எங்களால தாங்க முடியல"ன்னுச்சு. முனகிகினே எடுத்துக் குடுத்தார்.

முதல் நாள் அடுத்த பிளாக் வரைக்கும்கூடப் போக முடியல. ரோட்டோரக் கல்லு மேல உக்காந்து அழுதேன். ஷிஃப்ட் பஸ்ல சுரங்க வேலைக்குப் போன ஒருத்தர் ஜன்னல் வழியா, "இன்னொரு அம்மா வரலயா?"ன்னு கேட்டார். நல்லவேளை, பஸ் நிக்கல.

அப்புறம் நாளுக்கொரு கூத்து. ஒரு நாள் கால் இரும்பாக் கனக்கும், 'இந்த வயசுல உனக்கு இது தேவையாடி'ன்னு என்னை நானே திட்டிக்குவேன். மறுநாள் மழை விட்ட ரோட்டுல கால் தானாப் போகும். யாரும் இல்லன்னா பாட்டுகூடப் பாடுவேன். எந்த நாள் எப்படி விடியும்னு எனக்குப் பிடிபடவே இல்ல. உனக்குப் பிடிபட்டுச்சா?

ஓட்டத்துக்குப் பேர் குடுத்ததும் பாய் ஒரு கண்டிஷன் போட்டார். கடைசியா ஓடுறவங்க பின்னாடி ஆம்புலன்ஸ் வரும் இல்லையா, "பாதியில அதுல ஏறினியானா, ஜென்மத்துக்கும் ஷூவைத் தொடக்கூடாது"ன்னார். சரின்னேன். மனுஷன் அதோட விடல. டிரைவர் நம்ம கடை வாடிக்கையாம், அவரைப் பிடிச்சு முன் சீட்டுல ஏறி உக்காந்துகினார்.

கடைசி ஆள் நான்தான், வேற யாரு? நாம ரெண்டு பேரும் எப்பவும் கடைசிதான். ஆனா ரெண்டு பேரா இருந்தப்ப அது கடைசி மாதிரியே தெரியல. பாதி தூரத்துல விலாவுல பிடிச்சுக்கிச்சு. வண்டி பக்கத்துல வந்துச்சு. பாய் தலையை வெளிய நீட்டினார்.

"மூஞ்சி செவந்து கெடக்கு நசீமா. ஏறிக்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீங்க சொல்வீங்க இல்ல."

உங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன, என் கை கதவுப் பக்கம் போச்சுக்கா. அப்புறம் எடுத்துக்கினேன். பாய் என்னையே பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, கைலியை மடிச்சுக் கட்டிகினு எங்கூட ஓட ஆரம்பிச்சிட்டார், அதுவும் ரப்பர் செருப்போட.

"கலாகூட என்ன பேசிகினு போவ? அதை எங்கிட்டப் பேசு"ன்னார்.

நீ போனதுலேருந்து அவர்கிட்ட உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நேத்து பேசினேன். நீ சிரிச்சது, சண்டை போட்டது, அவரைப் பத்தி நாம பேசினதுகூடக் கொஞ்சம் சொல்லிட்டேன். விலாவலி எப்ப போச்சுன்னே தெரியல. கொஞ்ச தூரத்துலயே அவருக்கு மூச்சு முட்டிப்போச்சு. "பாய், நீங்க ஏறுங்க"ன்னார் டிரைவர். அவர் ஏறினார், நான் ஓடினேன். முடிக்கிற எடத்துல எல்லாரும் குளுக்கோஸை எடுத்துகினு ஆம்புலன்ஸுக்குள்ள இருந்தவர்கிட்ட ஓடினாங்க. நான் ரோட்டுலயே உக்காந்து சிரிச்சேன், சிரிப்புக்குள்ளயே அழுதேன்.

இன்னிக்குக் காலையில எதிர்வூட்டு அம்மா கடைக்கு வந்து, "நசீமாவையும் ஓட வுட்டுட்டீங்களே பாய், கலா கதை தெரிஞ்சுமா?"ன்னு கேட்டாங்க. பாய் செருப்பை எடுத்துக் காட்டிகினே நிதானமாச் சொன்னார்: "கலா ஓடினதால சாவலம்மா. ஓடின வரைக்கும் சிரிச்சுகினு இருந்துச்சு. இனிமே அப்டிச் சொல்லாதீங்க."

நான் உள்ளே நின்னு கேட்டேன்.

யாராவது மறுபடியும் உன்னைப் பத்தி அப்படிப் பேசினா, அவங்களைக் கையோட கூட்டிப்போய் ஓட வெப்பேன். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

உன் கூடப் பொறக்காத தங்கச்சி,
நசீமா