பலகாரம் சுட ஆள் வரவில்லை

சிவமயம்

அளவெட்டி
ஆவணி 6

அன்புள்ள மகன் வாகீசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் எழும்பி நடமாடுகிறோம், அங்கே நீயும் மருமகள் ஆரணியும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே கதைப்பாய், அதனால்தான் கடிதம். நாளைக்கு பிளேன் ஏறுகிற கோபிகாவின் கையில் மிளகாய்த்தூளோடு கொடுத்துவிடுகிறேன்.

நேற்று நீ கேட்டதற்குப் பதில், மாமன் வீட்டுக் கலியாணத்துக்கு நான் போகமாட்டேன். சோமசேகரம் என் கூடப்பிறந்த தம்பிதான், உனக்குத் தாய்மாமன்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டக் காணிக்குள் பெக்கோ மெசினை இறக்கி, பனை உயரத்துக்குக் கிண்டி, சுண்ணாம்புக் கல்லை டிப்பர் டிப்பராக ஏற்றி விற்கிறான். கிண்டின கிடங்கால் கடல்தண்ணி ஏறி எங்கள் கிணறு உவர்த்துப்போய் நாலு மாதம். சுற்றி இருக்கிற பதினொரு வீட்டுக் கிணறும் அப்படித்தான். கேட்டால், என்ரை காணி, நான் கிண்டுறன் என்கிறான். போன புதன்கிழமை அவன் மகள் நிவேதனாவின் கலியாணத்துக்கு அயல் பொம்பிளையள் கூடிப் பலகாரம் சுடுகிற நாள். பயற்றம் மாவைக் குழைத்து, தாச்சியில் எண்ணெய் விட்டு, பாய் விரித்து வைத்திருந்தார்களாம். அயலில் ஒரு பொம்பிளை போகவில்லை. கடையில் வாங்கிய பலகாரத்தோடு கலியாணம் செய்கிற வெட்கம் அவனுக்கு வரட்டும்.

நீ என்னை ஏசாதே, இதற்கு வித்திட்டவன் நீதான். அயர்லாந்தில் நீ இருக்கிற மேயோ பக்கத்தில் நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தி, ஒரு பிரபுவின் காணிகளைப் பார்த்த கப்டன் பொய்கொட் குத்தகைச் சனங்களைக் காணியை விட்டு எழுப்பப் பார்த்த கதையைப் போன வருடம் போனில் சொன்னாயே. ஒருவரும் அடிக்கவில்லை, கல்லெறியவில்லை. அறுவடைக்குப் போகவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை, வழியில் கண்டால் முகம் கொடுக்கவில்லை. கிழங்கு கிண்ட வெளியூரிலிருந்து ஐம்பது பேர், அவர்களைக் காக்க ஆயிரம் பட்டாளக்காரர். கிண்டி முடிய அவனும் ஊரை விட்டே போனான் என்றாய். அதை மாதர் சங்கத்தில் அப்படியே சொன்னேன், சோமசேகரத்தின் வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று. நீயோ இப்போது தானாடாட்டிலும் தன் தசை ஆடுமெல்லோ அம்மா என்று எனக்கே பழமொழி சொல்கிறாய். ஆடுகிறது மோனை, நிவேதனாவை நான் குளிக்கவார்த்து வளர்த்தேன், அவளை நினைக்க மனம் கிடந்து துடிக்கிறது. ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகாது.

வியாழன் பின்னேரம் சோமசேகரம் வந்தான். வேண்டுமென்றே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான், முகம் சுளித்தான், கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, நீ வராட்டி ஒரு சனமும் வராது" என்றான்.

"ஓம், அதுக்குத்தான் நான் வரேல்லை. பெக்கோவை அனுப்பிப்போட்டு வா, அடுப்பு மூட்ட முதல் ஆளாய் வாறன்" என்றேன். எழும்பிப் போய், உனக்குப் போன் அடித்திருக்கிறான்.

கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருப்பா. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. மாமன் இனிப் போன் அடித்தால் எடுக்காதே. எடுத்தாய் என்று கேள்விப்பட்டால் உன்னோடும் நான் கதைக்கமாட்டேன், நான் பெற்ற பிள்ளை என்றும் பார்க்கமாட்டேன்.

உன் அம்மா
சி. இரத்தினம்மா