அனுப்பம்பட்டு திருப்பத்தைத் தாண்டின சிவப்பு வண்டி

செகப்பு வண்டிக்காரரே, என் ஆசை தேசிங்கண்ணா,

பாஸாயிடுச்சுண்ணா! உன் கார் பாஸாயிடுச்சு! இன்னும் அஞ்சு வருஷம் ரோட்டுல ஓடலாம்னு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். இதை உன்கிட்ட சொல்லாம நான் வேற யார்கிட்ட போய்ச் சொல்றது? அவசரத்துல எழுத்து கோணல் மாணலா வருது, கொஞ்சம் பொறுத்துக்கோ.

நீ எங்களை விட்டுப் போயி, வர்ற மாசத்தோட ஒரு வருஷம். மாரு அடைக்குதுன்னு வலையை வச்சுட்டு மணல்ல உக்காந்தவன், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. உன் படகைக் கொடுத்தாச்சு, வலையைப் பங்காளிங்க எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் நின்னது அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான். ரெண்டே சீட்டு, துணிக்கூரை, உக்காந்தா ரோடு இடுப்புல முட்டற மாதிரி ஒரு உயரம். சென்னையில யாரோ சலிச்சுப்போயி தள்ளிவிட்டதை நீ மாலை போட்டு ஓட்டிக்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா?

அன்னிக்கு நான் உன்னை எவ்ளோ ஓட்டினேன்! மீன் ஏத்தற குட்டியானை வேன் ஓட்டறவ நான். ஒரு கூடை வைக்க இடமில்லாத வண்டி இன்னா வண்டின்னு கேட்டேன். நீ அசரல. "நம்ம படகும் ஃபைபரு, இதுவும் ஃபைபரு. பழவேற்காட்டுக்குன்னே செஞ்ச காரும்மா"ன்னு பீத்திக்கிட்ட. உடம்பு ஃபைபர்தான் ராசா, அடியில தாங்கற சட்டம் இரும்பாச்சே. நம்ம ஊரு உப்புக்காத்து இரும்பைச் சும்மா விடுமா?

அண்ணியை ஒரே ஒரு தடவைதான் அதுல ஏத்தின. மீஞ்சூர் கல்யாணத்துக்கு, பட்டுப்புடவையோட. அனுப்பம்பட்டு திருப்பத்துல வண்டி பொட்டுன்னு நின்னுது. அண்ணி கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துட்டு, பின்னால வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறிப் போயிட்டாங்க. "இனிமே இந்த டப்பாவுல காலை வச்சா என்னை ஏன்னு கேளு"ன்னாங்க. அதோட சரி, நீ இருந்த வரைக்கும் வைக்கவேயில்லை.

பதினஞ்சு வருஷம் முடிஞ்ச வண்டி, இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சாதான் ரோட்டுல ஓட்டலாம். அண்ணி ஒரே பேச்சு பேசினாங்க. "பாஸானா நீயே வச்சுக்க கலா. ஆகலைன்னா அடுத்த நாளே பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிக்கிட்டுப் போகட்டும். வாசல்ல அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது." அவங்களைத் தப்பு சொல்ல முடியுமா? ஆனா நீ தொட்டுத் தொட்டு வச்சிருந்தது எல்லாம் போயிட்டுது, இதையும் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரலைண்ணா.

ரெண்டு மாசம் அதோட மல்லுக்கட்டினேன். பழைய கார் வச்சிருக்கறது இன்னான்னு இப்போதான் புரியுது, ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கூப்பிடுது. பிரேக்கைப் பொன்னேரி மெக்கானிக்கிட்ட பார்த்தேன். கிளட்ச் கேபிளுக்கு ஏறாத கடை இல்ல. முன்பக்கம் விரிசல் விட்டிருந்ததை, படகுக்கு ஃபைபர் ஒட்டற காதர் பாய்தான் வந்து ஒட்டினார். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, "இன்னா கலாம்மா, எல்லாம் இருக்கு, துடுப்பை எங்க காணோம்?"னு கேட்டார் பாரு, எனக்கு சிரிச்சு சிரிச்சு வயித்துவலியே வந்துட்டுது. ஆனா ஒட்டின இடத்தைத் தேச்சு பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் அவரே ரெண்டு அடி தள்ளி நின்னு பார்த்து, "மாஷா அல்லா"ன்னார்.

அடிச்சட்டத்துல துருவைச் சுரண்டி, நம்ம நைனா மரப்படகுக்குப் பூசுவாரே, அதே மாதிரி மீன் எண்ணெய் காய்ச்சி ரெண்டு பூச்சு பூசினேன். ஒரு நட்டு விடல. கழட்ட முடிஞ்சதை எல்லாம் கழட்டி, உள்ளேயும் தடவி மறுபடி முடுக்கினேன். பெருமை தாங்கல எனக்கு. அதுலேருந்து நம்ம குப்பத்துப் பூனைங்க மொத்தமும் உன் காருக்கு அடியிலதான் குடித்தனம்.

இன்னிக்குக் காலையில கிளம்பினோம். வண்டி இப்போ அண்ணி பேர்ல இருக்கறதால அவங்களும் நேர்ல வரணும். "நீ அதுல வா, நான் பஸ்ஸுல வரேன்"னு முன்னாலயே போயிட்டாங்க. நான் பூனைங்களை விரட்டிட்டு, கூரையை மடிச்சுட்டு, சாவியைத் திருகினேன்.

ஐயோ அண்ணா, ஏன்ணா இதை என்கிட்ட சொல்லவேயில்லை? குட்டியானையில உக்காந்து ஊரை மேலேருந்து பார்த்துப் பழகினவளுக்கு, ரோடு அப்படியே மடியில வந்து விழுது! ஏரிக்காத்து முகத்துல அடிக்குது. மூணாவது கியர் போட்டதும் பின்னாலேருந்து யாரோ முதுகுல கை வச்சுத் தள்ளற மாதிரி ஒரு வேகம். நடவு நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிர்ந்து பார்த்து ஓன்னு கத்தறாங்க, நானும் பதிலுக்குக் கத்தறேன். உனக்கு இருந்த பைத்தியம் இன்னா பைத்தியம்னு பொன்னேரி வர்றதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு.

அப்புறம் இன்னா ஆயிருக்கும்னு நினைக்கிற? அதே அனுப்பம்பட்டு திருப்பம். பொட்டு.

ஹாரன் இல்ல, லைட்டு இல்ல, சாவியைத் திருகினா ஒரு முனகல்கூட இல்ல. இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணிதான் பாக்கி. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. பின்னால ஒரு பஸ் வந்து நின்னு விடாம ஹாரன் அடிக்குது. "இன்னா தங்கச்சி, ரோடு உங்க நைனாவுதா?"ன்னு கண்டக்டர் கத்தறார். நான் தலையை ஸ்டியரிங்ல கவுத்துக்கிட்டேன்.

பஸ்ஸுலேருந்து யாரோ இறங்கி வந்தாங்க. பார்த்தா அண்ணி! பொன்னேரியில பஸ் மாறி அதுலதான் வந்துக்கிட்டிருந்திருக்காங்க. போச்சு, இரும்புக்காரருக்கு இங்கேயே போன் போடப்போறாங்கன்னு நினைச்சேன்.

"எர்த்து எங்கடி?"ன்னாங்க.

"இன்னா அண்ணி?"

"எர்த்து வயரு. பேட்டரிலேருந்து வந்து சட்டத்துல முடுக்கியிருக்குமே, அதைக் கேக்கறேன். அதுக்குள்ளயும் மீன் எண்ணெய் பூசினியா?"

"துரு புடிக்கக்கூடாதுன்னு..."

"நல்லா பூசின போ! சூட்டுல இளகி இப்போ நடுவுல இறங்கியிருக்கும். மத்த காருன்னா உடம்பே இரும்பு, கரண்டு எப்படியாவது போய்ச் சேரும். இது ஃபைபரு. இரும்பும் இரும்பும் தொடற அந்த ஒரு இடத்தை விட்டா இதுக்கு வேற நாதி கிடையாது."

நான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறேன். அவங்க நேரா போய் இடது சீட்டுக்கு அடியில கையை விட்டு ஒரு ஸ்பானரும் உப்புத்தாளும் எடுக்கறாங்க. நீ அங்க வச்சிருந்தது ரெண்டு மாசமா எனக்கே தெரியாதுண்ணா! பானட்டைத் தூக்கி, முந்தானையை இடுப்புல சொருகி, நட்டைக் கழட்டி, எண்ணெயைத் துடைச்சு, இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு முடுக்கினாங்க.

"உங்களுக்கு எப்படி அண்ணி இதெல்லாம்?"

"சோத்துல கை வச்சா எர்த்து, கையைக் கழுவினா எர்த்து. பன்னெண்டு வருஷம் அந்த மனுஷன் வேற இன்னா பேசினார்? காதுல விழலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தார்."

சாவியைத் திருகினேன். உர்ர்ருன்னு புடிச்சுக்கிச்சு! பஸ்ஸு மொத்தமும் விசிலடிக்குது. கண்டக்டர், "யம்மா, வரியா இல்லையா?"ன்னு அண்ணியைக் கேட்டார். அவங்க பஸ்ஸைப் பார்த்தாங்க, வண்டியைப் பார்த்தாங்க. "நீ போப்பா"ன்னு சொல்லிட்டு, கதவைத் திறந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. உக்காந்துட்டாங்கண்ணா!

சொன்ன நேரத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்துட்டோம். இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், லைட்டு பார்த்தார், குனிஞ்சு சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். சூடேறின மீன் எண்ணெய், மத்தியானக் குழம்பு கொதிக்கற மாதிரி மணக்குது. "இதுல மீன் ஏத்தறீங்களாம்மா?"ன்னார். சொந்தக் காருல சரக்கு ஏத்தறோம்னு எழுதிட்டா போச்சு! அண்ணி அசராம, "சார், ரெண்டு பேர் உக்காந்தா இதுல ஒரு நெத்திலிகூட ஏறாது"ன்னாங்க. மனுஷன் சிரிச்சுட்டார். "சட்டம் சுத்தமா இருக்கு, துரு இல்ல"ன்னு எழுதி நீட்டினார்.

வெளிய வந்ததும் அண்ணி போன் எடுத்து இரும்புக்காரர்கிட்ட ஒரே வார்த்தைதான் பேசினாங்க. "வராதீங்க"ன்னு.

 திரும்பி வரும்போது ரோட்டைப் பார்த்தபடியே அண்ணி சொன்னாங்க. அந்தக் கல்யாணத்தன்னிக்கு பஸ்ஸுல ஏறி உக்காந்து ஜன்னல் வழியா திரும்பிப் பார்த்தாங்களாம். நின்னுபோன வண்டிக்குப் பக்கத்துல நீ சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினியாம். கோவத்துல இவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களாம். நீ அப்படியே ஆட்டிக்கிட்டு நின்னது ஓரக்கண்ணுல தெரிஞ்சுதாம். "ஒரு கையைத் தூக்கியிருக்கலாம் கலா"ன்னாங்க.

அனுப்பம்பட்டு திருப்பம் வந்தது. நான் வேகத்தைக் குறைச்சேன். அண்ணி கையை வெளிய நீட்டி, யாருமில்லாத அந்த ரோட்டோரத்தைப் பார்த்து ஆட்டினாங்க. திருப்பம் மறையற வரைக்கும் ஆட்டினாங்க. நீ பார்த்தியாண்ணா?

இனிமே கவலையை விடு. மாசா மாசம் எர்த்தைக் கழட்டி உப்புத்தாள் போடறேன், அந்தப் பக்கம் எண்ணெயைக் கொண்டுபோகவே மாட்டேன், இது உன்மேல சத்தியம். நாளையிலேருந்து அண்ணிக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறேன், அவங்களேதான் கேட்டாங்க. பசியாவரத் தீவுலேருந்து படகுல வர்ற அவங்க அம்மாவைத் துறையில போய் அவங்களே கூட்டிக்கிட்டு வரணுமாம். ரெண்டு சீட்டுதானே இருக்கு, நான் பின்னால நடந்து வந்துக்கறேன்.

உன் வண்டியை இன்னா வண்டின்னு கேட்ட வாயாலயே இப்போ ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியற,
உன் கூடப்பொறந்தவ,
கலா